உறைக்கு ஒரு கரண்டி

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள். எனக்கு எந்தப் பக்கமானாலும் ஒன்றுதான். இந்தத் தூக்குச்சட்டி மட்டும் சாயக்கூடாது. உங்கள் காலுக்கும் என் காலுக்கும் நடுவில் வைத்துக்கொள்கிறேன், சாயாமல் கொஞ்சம் அண்டக் கொடுங்கள். தயிர்தான். மூடிக்கு மேலே துணி போட்டு இறுக்கிக் கட்டித்தான் கொடுத்தாள் தங்கை. ஆனால் இந்த டிரைவர் ஓட்டுகிற ஓட்டத்துக்குச் சங்கிலி போட்டுக் கட்டினாலும் தளும்பும்.

திருநெல்வேலி வரைக்கும்தானே? நானும் அங்கேதான், அங்கிருந்து பாளையங்கோட்டை. நீங்கள் அதிகம் பேசமாட்டீர்கள் போலிருக்கிறது. பரவாயில்லை, நான் பேசுவேன். ஒரு மாதமாக வாயைத் திறந்தால் சுவரோடு பேசுகிற மாதிரிதான் இருந்தது. பதில் சொல்லாவிட்டாலும் தலையாவது ஆட்டுகிறீர்களே.

அம்பாசமுத்திரத்தில் என் தங்கை வீடு. மங்கையர்க்கரசி. என் பெயர் திலகவதி. எங்கள் அப்பா தேவாரம் சொல்லாமல் காப்பியைத் தொடமாட்டார். பிள்ளைகளுக்கு இப்படிப் பெயரை வைத்துவிட்டு, படிப்புக்குக் கன்னியாஸ்திரீகளிடம் கொண்டுபோய் விட்டார். அங்கே மதர் ஹில்டா என்று ஒருவர். காய்ச்சல் என்று போய் நின்றால் கையில் விளக்குமாற்றைக் கொடுப்பார். வராந்தாவை முழுக்கக் கூட்டி முடித்தால் காய்ச்சல் போய்விடுமாம். எனக்குப் போனது. மங்கை பாதி வராந்தாவில் மயங்கி விழுந்தாள். சின்ன வயசிலேயே அவளுக்கு உடம்பு வளையாது.

இப்போது வந்திருப்பது மனச்சோர்வு. டாக்டர் அப்படித்தான் சொன்னாராம். நீரிழிவு, ரத்தக்கொதிப்பு மாதிரி இதுவும் ஒரு நோய், அவளாக வரவழைத்துக்கொண்டதில்லை என்று அவள் வீட்டுக்காரரை உட்காரவைத்து விளக்கினாராம். நான் கேட்கிறேன், அவளுக்கு என்ன குறை? சொந்த வீடு. வீட்டுக்காரர் சங்கரலிங்கம் ஹெட்மாஸ்டர், சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசமாட்டார். பையன் பெங்களூரில் படிக்கிறான். மாமியார் கிடையாது. இதற்கு மேல் ஒருத்திக்கு என்ன வேண்டும்? நான் சோர்ந்து படுக்கவேண்டும் என்றால் எனக்குக் காரணம் இருக்கிறது, நேரம்தான் இல்லை.

கல்லிடைக்குறிச்சி வந்துவிட்டது. அதோ பாருங்கள், மலைப்பக்கம் எப்படி இருட்டிக்கொண்டு வருகிறது. மங்கை துணி காயப்போட்டிருந்தால் நனையும். ம்ஹூம், இன்றைக்கு ஒன்றுமே காயப்போடவில்லை. எல்லாவற்றையும் நேற்றே மடித்து அடுக்கிவிட்டாள்.

எங்கே விட்டேன்? சங்கரலிங்கம். அவர்தான் போன் பண்ணினார். "மதினி, அவ சாப்பிடுததே இல்ல. குளிக்கச் சொன்னா அழுதா. நீங்க வந்து கொஞ்ச நாள் இருந்தா நல்லது"ன்னு. போனேன். அதற்கப்புறம் அவரைப் பயிற்சி என்று சென்னைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கிளம்புகிற அன்றைக்கு, செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ரெண்டே விஷயந்தான் மதினி. மாத்திரைய விட்டுரக் கூடாது. அவளத் தனியா விட்டுரக் கூடாது. உங்களுக்கு அவசரமாப் போகணும்னா எதிர்வீட்டு லூர்து டீச்சர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க." டீச்சருடைய நம்பரையும் என் போனில் ஏற்றிக் கொடுத்தார். பச்சைப்பிள்ளையை விட்டுப்போகிற மாதிரி. ஐம்பதை நெருங்குகிறாள், பச்சைப்பிள்ளை.

லூர்து டீச்சர் பள்ளிக்கூடத்தில் டிரில் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். தினமும் சாயங்காலம் வருவார். வந்து என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான். கையில் முருங்கைக்கீரையோ அவரைக்காயோ கொண்டுவந்து ஆய்ந்துகொண்டு இருப்பார். இவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு பேச்சு கிடையாது. பார்க்கிற எனக்குத்தான் பொறுக்காது. ஒரு நாள் வாசலிலேயே நிறுத்திக் கேட்டுவிட்டேன்: "டீச்சர், இங்க யாரும் செத்துப்போயிரல. துட்டி கேக்க வந்த மாதிரி தினமும் வந்து உக்காந்திருந்தா நல்லா இருக்கவளுக்கும் சீக்கு வரும்." அவர் என்னைப் பார்த்தார். கீரையை மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் வரவில்லை. மங்கைதான் சாயங்காலம் ஆனால் வாசலைப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

நான் என் வழியில் இறங்கினேன். காலையில் ஐந்து மணிக்கு ஜன்னலைத் திறந்துவிடுவேன்.

"ஏட்டி, எந்திரி."

"முடியலக்கா."

"ஏன் முடியல? கை இருக்கு, கால் இருக்கு."

"இருக்கு. என்னுது மாதிரி இல்ல."

இப்படித்தான் பேச்சு. இன்னொரு நாள் சொல்கிறாள், "நீ பேசுதது எனக்குக் கெணத்துக்குள்ள கெடந்து கேக்க மாதிரி இருக்குக்கா"ன்னு. அப்படியா, சத்தமாகப் பேசுகிறேன் என்று சத்தமாகப் பேசினேன். அதற்கும் அழுகை. அழட்டும், அழுதுகொண்டே கத்தரிக்காயை நறுக்கு என்றேன். நறுக்கினாள். விரலையும் நறுக்கிக்கொண்டாள், அது வேறு விஷயம்.

உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. சரி.

நான் அவளுக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். குடித்தனம் என்றால் என்ன? நாளைக்கு. அதுதான் குடித்தனம். இன்றைக்கு இட்லி தின்கிறோம் என்றால் நேற்றே உளுந்து நனைத்தோம் என்று அர்த்தம். ராத்திரி படுக்கும்போது ஒன்று ஊறவேண்டும், ஒன்று புளிக்கவேண்டும், ஒன்று உறையவேண்டும். அடுப்படி எப்போதும் நம்மைவிட ஒரு நாள் முன்னால் ஓடவேண்டும். நாம் அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தால் சோர்வாவது கீர்வாவது. "நீ என்ன வேணாலும் அழு, ஆனா பாலுக்கு உறை ஊத்திட்டு அழு" என்றேன். அந்த ஒன்றை மட்டும் கேட்டாள். முகம் கழுவாத நாளிலும், தலை பின்னாத நாளிலும், ராத்திரி எழுந்து வந்து பாலைத் தொட்டுப் பார்த்து, சூடு ஆறியதும் பழைய தயிரிலிருந்து ஒரு கரண்டி எடுத்து ஊற்றி மூடிவைத்துவிட்டுத்தான் படுப்பாள். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கையே வந்தது.

மாத்திரைதான் எனக்குப் பிடிக்கவில்லை. தின்றால் வாய் உலர்கிறது, மந்தமாக இருக்கிறது. நாலு வார்த்தை நல்லதாக நினைக்கத் தெரிந்தவளுக்கு மாத்திரை எதற்கு? நான்தான் நிறுத்தச் சொன்னேன். எடுத்து அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்கள் நர்ஸா? இல்லையா. பிறகென்ன.

நிறுத்தின பிறகு கொஞ்ச நாள் ஆட்டம் போட்டது வாஸ்தவம். தூக்கம் கிடையாது. கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பாள். "எல்லாருக்கும் நான் பாரமா இருக்கேன்"னு ஒரே பல்லவி. "பாரம்னா தூக்குதவ நான்தான, நானே ஒண்ணும் சொல்லல" என்றேன். நியாயமான பேச்சுதானே? பார்த்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் எழுந்து குளித்துத் தலையை முடிந்துகொண்டு நிற்கிறாள். முகத்தில் ஒரு தெளிவு. சுருக்கமே இல்லை. இஸ்திரி போட்ட மாதிரி. அழுகை நின்றுவிட்டது. கேட்டதற்குப் பதில் வருகிறது. சங்கரலிங்கத்துக்குப் போன் போட்டு, "உங்க பெண்டாட்டிய நிமித்தி வச்சுட்டேன், வந்து பாருங்க" என்றேன்.

அதிலிருந்து வீட்டை ஒழிக்க ஆரம்பித்தாள் பாருங்கள். நான் ஒரு மாதமாகச் சொல்லியும் தொடாத அலமாரி, பரண், எல்லாம். பையனுடைய சர்ட்டிபிகேட்டுகளைத் தனியாகக் கட்டி, மேலே அவன் பெயரை எழுதி வைத்தாள். பிரிட்ஜை நேற்று ஒவ்வொரு தட்டாகக் கழற்றிக் கழுவித் துடைத்து, சுவிட்சை அணைத்துக் கதவைத் திறந்து வைத்திருக்கிறாள். வாடை வராமல் இருக்குமாம். என் கையால் துடைத்தால்கூட அப்படி வராது. மாம்பழக் கலரில் ஒரு பட்டுச்சேலை வைத்திருக்கிறாள். என் மகள் கல்யாணத்துக்கு ஒரு பொழுது இரவல் கேட்டபோது தராதவள். இன்றைக்கு அதை மடித்து என் பையில் வைக்கிறாள். "உனக்குத்தான்க்கா எடுப்பா இருக்கும்"னு. வயசான பிறகாவது புத்தி வந்ததே என்று வாங்கிக்கொண்டேன்.

வீரவநல்லூர். ஆள் ஏறவே இல்லை. மழைக்குப் பயந்து எல்லாரும் வீட்டுக்குள் இருக்கிறார்கள்.

இன்றைக்கு மத்தியானம் சொதி வைத்தாள். தேங்காய்ப்பால் மூன்று தரம் பிழிந்து, இஞ்சிப் பச்சடியோடு. நான் தின்றேன், அவள் பரிமாறிக்கொண்டே நின்றாள். "நீயும் உக்காரு"ன்னு சொன்னேன். "நீ சாப்பிடுததப் பாத்தாப் போதும்"னாள். அவளாகத்தான் என்னைக் கிளப்பினாள். "அத்தான் பாளையங்கோட்டையில ஒத்தையில கெடந்து கஷ்டப்படுவாக. எங்க வீட்டுல அவுகதான் நாளைக் கழிச்சு சென்னையிலருந்து வந்துருவாகள்லா. நான் நல்லாத்தான் இருக்கேன், நீ போ." சரியாகத்தான் சொல்கிறாள். என் வீடு என்ன கதியில் கிடக்கிறதோ. டீச்சரிடம் சொல்லவேண்டும் என்று சங்கரலிங்கம் சொன்னதெல்லாம் அவள் சீக்காகக் கிடந்தபோது. நன்றாக இருக்கிறவளுக்கு எதற்குக் காவல்? தவிர, அந்த டீச்சர் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடிக்கிறவளே இல்லை. "ரொம்பப் பாடுபட்டுட்டக்கா. உம்மேல ஒரு குத்தமும் இல்ல, கேட்டியா"ன்னாள். நான் என்ன குற்றம் செய்தேன், என் மேல் இருப்பதற்கு? மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் என்னமோ சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். கேட்டைச் சாத்திக்கொண்டு நான் திருப்பம் திரும்புகிறவரைக்கும் நின்றாள்.

இந்தத் தயிரும் அப்போது கொடுத்ததுதான். உன் வீட்டு உறை இந்த ஒரு மாதத்தில் கெட்டுப்போயிருக்கும், எல்லாவற்றையும் நீயே கொண்டுபோ என்று சட்டியோடு சாய்த்துவிட்டாள்.

என்ன கேட்டீர்கள்? வாயைத் திறந்து முதல் தடவையாக ஒன்று கேட்கிறீர்கள், இந்த டிரைவர் ஹாரன் அடிக்கிறான். அவளுக்கு என்று தயிர் மிச்சம் இருக்கிறதா என்றா?

அவள் உறைக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்திருப்பாள். அதற்கென்றே ஒரு பீங்கான் கிண்ணம் உண்டு, காது உடைந்தது. அதை... அதைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். நான் பார்த்தேன். உள்ளே பேப்பர் சுருட்டி வைத்துக் கவிழ்த்திருந்தாள். பரணில் ஏற்றுகிற பாத்திரத்துக்குத்தான் அப்படிப் பேப்பர் வைப்போம்.

சரி, உறை இல்லாவிட்டால் என்ன, பால் வாங்கி... பால் வேண்டாம் என்று காலையில் பால்காரரிடம் சொன்னாளே. நான் ஊருக்குப் போகிறேன், ஒரு ஆளுக்கு எதற்கு என்று சொல்கிறாள் என்று நினைத்தேன். மாவு? மிச்ச மாவும் என் பையில்தான் இருக்கிறது. உளுந்து ஊறவில்லை. பிரிட்ஜில் ஒரு எலுமிச்சம்பழம் இல்லை, பச்சைமிளகாய் இல்லை. எப்படி இருக்கும், அணைத்துத் திறந்து கிடக்கிறதே. சொதி வைத்த சட்டியையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டாள். ராத்திரிக்கு ஒரு பிடி சோறு இல்லை.

அந்த வீட்டில் நாளைக்கு என்று ஒன்றுமே இல்லை.

கொஞ்சம் இருங்கள். நான் என்ன சொல்லிக்கொண்டு வந்தேன் இவ்வளவு நேரமும்?

உங்களுக்கு எப்படித் தெரிந்தது? யாருக்கு? தம்பியா. அவனும் வீட்டை ஒழித்தானா? வேண்டாம், சொல்லவேண்டாம். பிறகு சொல்லுங்கள். என் போனை எடுத்துக் கொடுங்கள், அந்தப் பை, மேலே, சேலைக்கு அடியில்.

அடிக்கிறது. எடுக்கவில்லை. கொல்லையில் இருப்பாள். அவள் எப்போதும் போனைக் கூடத்தில் வைத்துவிட்டுப் போவாள்.

மறுபடியும் போடுகிறேன்.

எடுக்கவில்லை.

லூர்து டீச்சர். அவருக்குத்தான் போடவேண்டும். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டால் என்ன செய்வேன்? போடுகிறேன்.

"டீச்சர், நான் மங்கையோட அக்கா பேசுதேன். ஆமா, அன்னைக்கு வாசல்ல வச்சுப் பேசினவதான். டீச்சர், அத அப்புறம் திட்டுங்க. இப்ப அவ வீட்டுக்குப் போங்க. நான் பஸ்ல இருக்கேன், அவ ஒத்தையில இருக்கா. மாத்திரைய நான்தான் நிறுத்தச் சொன்னேன். வீட்டையே ஒழிச்சு வச்சிருக்கா டீச்சர், உறை மோர்கூட இல்லாம. புரியுதா? போன வைக்காதீங்க, கையிலயே வச்சுக்கிட்டு நடங்க."

டீச்சர் வாசல்படி இறங்கிவிட்டார். புரிந்துவிட்டது அவருக்கு, நான் சொல்லி முடிப்பதற்குள். எனக்கு இத்தனை நாள்...

கேட் சத்தம். அது மங்கை வீட்டுக் கேட்டுதான், எனக்குத் தெரியும். எண்ணெய் போடு, எண்ணெய் போடு என்று தினமும் கத்துவேன். போடாததே நல்லது. கதவைத் தட்டுகிறார். மங்கை, மங்கை என்கிறார். டிரில் டீச்சர் குரல்தான், மைதானத்துக்கே கேட்கும். மறுபடியும் தட்டுகிறார். ஜன்னல் பக்கம் போகிறார் போல. என் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். இவர்கள் ஏன் இந்தப் பாட்டை இப்படி அலறவிடுகிறார்கள்? கண்டக்டர் தம்பி, பாட்டை அமத்துங்க. அமத்துங்கங்கேன்.

தாழ்ப்பாள்.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. திறக்கிறாள். திறந்துவிட்டாள்.

அழுகைதான் கேட்கிறது. யாருடைய அழுகை என்று தெரியவில்லை.

இப்போது போனை அவள் கையில் கொடுக்கிறார். நான் என்ன சொல்வேன்? வாயைத் திறந்தால் எனக்குத் திட்டுதான் வரும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். நீங்கள் சொல்லுங்கள், என்ன சொல்லவேண்டும்? நேராகவே கேட்கவா? அப்படிக் கேட்டால், இல்லாத நினைப்பை நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகாதா? ஆகாதா. நிச்சயமாகவா? தம்பியிடம் நீங்கள் கேட்கவில்லையா? சரி. சரி, கேட்கிறேன்.

"மங்கை. அக்காதான். ஏட்டி, ஒண்ணு கேப்பேன், திட்டமாட்டேன். உயிரோட இருக்க வேண்டாம்னு நினைச்சியா?"

...

ஆமாம் என்கிறாள்.

"சரி. சொல்லிட்டேல்ல. சரி. நீ ஒண்ணும் பேச வேண்டாம். டீச்சர் பக்கத்துலயே இரு. அவுக எந்திரிச்சுப் போகமாட்டாக, நீயும் எந்திரிக்காத. நான் திரும்பி வாரேன். டீச்சர்ட்ட குடு போன. டீச்சர், அலமாரி மேல்தட்டுல மாத்திரை இருக்கு, அத எடுத்து நீங்களே வச்சுக்கோங்க, அவ கையில வேண்டாம். டாக்டருக்கு இப்பவே போன் போட்டு எல்லாத்தையும் சொல்லுங்க, நான் நிறுத்தினதயும் சேத்துச் சொல்லுங்க. அவர் சொல்லுத மாதிரிதான் குடுக்கணும். உடனே கூட்டிட்டு வரச் சொன்னா, கார் பிடிச்சு நான் வாரதுக்குள்ள கூட்டிட்டுப் போயிருங்க. ஹெட்மாஸ்டருக்கு நான் சொல்லுதேன். நான் வாரவரைக்கும் அவகிட்ட ஒண்ணும் பேச வேண்டாம். நீங்க எப்பவும் உக்காந்திருப்பீங்கள்லா, கீரைய வச்சுக்கிட்டு. அப்படியே உக்காந்திருங்க."

கண்டக்டர், சேரன்மகாதேவியில் நான் இறங்கவேண்டும். திருநெல்வேலிக்கு டிக்கெட் எடுத்தால் இறங்கக்கூடாதா என்ன?

எதிர்ப்பக்கம் அம்பாசமுத்திரம் பஸ் நிற்கிறது, விளக்குப் போட்டுவிட்டான். என் பையைத் தாருங்கள். இந்தச் சேலையை அவள் பீரோவில் அவள் இடத்திலேயே கொண்டுபோய் வைக்கப்போகிறேன். இரவல்கூட வேண்டாம் எனக்கு. உங்கள் பெயரைக் கூடக் கேட்கவில்லை நான். பேசிக்கொண்டே வந்தேன். நீங்கள் தம்பியைப் பற்றி என்றைக்காவது யாரிடமாவது சொல்லவேண்டும் என்றால், பாளையங்கோட்டையில் மகாராஜ நகர், திலகவதி என்று கேளுங்கள். குறுக்கே பேசமாட்டேன். பேசாமல் இருக்கப் பார்க்கிறேன்.

மழை விழ ஆரம்பித்துவிட்டது. நான் இறங்கிக்கொள்கிறேன், நீங்கள் அந்தத் தூக்கை ஜன்னல் வழியாகக் கொடுங்கள். சாய்க்காமல். வழியில் எங்கேயாவது பால் வாங்கிக்கொள்வேன். அவள் ஊற்றினால் ஊற்றட்டும், இல்லாவிட்டால் நான் ஊற்றுகிறேன். ராத்திரிக்கு ஒரு கரண்டி போதும்.